பழைய துவக்குகளின் புதிய விலை

1891ஆம் ஆண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் சேனைக்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு துப்பாக்கி, 2022ஆம் ஆண்டில் உக்ரேன் யுத்தகளத்திலே மீண்டும் காணப்பட்டது. தொனெற்ஸ்க் பிரதேசத்தில் ருஷ்ய சார்பு நிருவாகம் அவசரம் அவசரமாகத் திரட்டிய ஆண்கள் சிலரின் கைகளில் அது இருந்ததைப் பத்திரிகைப் படங்கள் காட்டின. போதிய பயிற்சியின்றி முன்னணிக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அதே மொசின்-நாகன்ற் துப்பாக்கி, அதே காலத்தில், அமெரிக்காவிலே சேகரிப்பாளரின் வீட்டுச் சுவர்களில் எண்ணெய் பூசித் துடைத்த மேனியுடன் தொங்கிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டுகளில் நூறு டொலருக்கும் குறைவாக விற்ற அது, இப்போது அதன் மும்மடங்குக்கும் நான்மடங்குக்கும் கைமாறுகிறது.

ஒருவன் விரும்பாமல் சுமந்த பொருளை இன்னொருவன் பணங்கொடுத்து விரும்பி வாங்குகிறான். இஃது எவ்வாறு நேர்ந்தது? நூறாண்டுப் பழைமையான இரும்புக்கும் மரத்துக்கும் விலை வைப்பவர் யார்? சந்தைதான் என்று சொல்லிவிடலாம். சேகரிப்பாளர் பலரும் அப்படித்தான் சொல்லுகின்றனர். சில ஆண்டுகளாக இவ்வியாபாரத்தின் விலைப்பட்டியல்களையும் சட்டங்களையும் ஒருங்கே வைத்துப் படித்து வந்ததில் நான் கண்ட முடிவு வேறு. இத்துப்பாக்கிகளின் விலை ஒவ்வொரு தடவை ஏறியபோதும் இறங்கியபோதும் அதற்குப் பின்னால் ஓர் அரசின் தீர்மானம் இருந்தது. சந்தை அத்தீர்மானத்தைப் பின்தொடர்ந்து நடந்ததேயன்றி முன்னே சென்றதில்லை.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வாசகருக்கு நினைவில் எழுபவை சேகரிப்பும் கண்ணாடிப் பேழையும் அல்ல என்பதை நான் அறிவேன். முப்பதாண்டு யுத்தம் ஒன்றைக் கடந்து வந்த நாட்டில் ஆயுதத்தை அழகுப் பொருளாக எண்ணுவது எளிதன்று. ஆயினும் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய 'திரீ நொட் திரீ'யை நம் மூத்தோர் நன்கு அறிவர். அந்த .303 லீ-என்பீல்ட் துப்பாக்கியும் இன்று இக்கட்டுரை பேசும் சரக்கில் ஒரு பெரும்பகுதி. ஆகவே இது முற்றிலும் அயலார் கதையன்று.

முதலில், எவ்வகைத் துப்பாக்கி என்பதைச் சொல்லவேண்டும். சுடுபவன் ஒவ்வொரு வெடிக்குப் பின்னரும் பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தூக்கி, 'போல்ட்' எனப்படும் உருளையைப் பின்னுக்கு இழுத்து, வெற்றுக் கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை உள்ளே ஏற்றிப் பூட்டவேண்டும். இதுவே இதன் இயல்பு. தானாகச் சுடாது, கை வேலை செய்தாலன்றி இரண்டாவது வெடி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வல்லரசுகள் யாவும் இம்முறைக்கு மாறின. ஜேர்மனியின் மவுசர், பிரித்தானியாவின் லீ-என்பீல்ட், ருஷ்யாவின் மொசின், இத்தாலியின் கார்க்கானோ, யப்பானின் அரிசாக்கா ஆகிய யாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு உலக மகாயுத்தங்களும் இவற்றைக்கொண்டே பெரும்பாலும் நடத்தப்பட்டன. மொசின் துப்பாக்கிகள் மட்டும் ஏறத்தாழ 3 கோடி 70 இலட்சம் செய்யப்பட்டன. லீ-என்பீல்டின் தொகை 1 கோடி 70 இலட்சம் என்பர். 1935இல் ஜேர்மனி ஏற்ற மவுசர் 98கே வகை 1 கோடியைத் தாண்டியது.

1945க்குப் பின்னர் சேனைகள் தாமே இயங்கும் துப்பாக்கிகளுக்கு மாறின. பழையவை மலைபோலக் குவிந்தன. அரசுகளுக்கு மூன்று வழிகள் இருந்தன: உருக்கிவிடலாம், நட்பு நாடுகளுக்கும் பொலிசுக்கும் கொடுக்கலாம், விற்கலாம். சோவியத் அரசு போரில் கைப்பற்றிய ஜேர்மன் மவுசர்களைப் பழுதுபார்த்துக் கிறீஸ் பூசிக் களஞ்சியத்தில் வைத்தது. பின்னர் அவற்றுட் பல வட வியட்நாமுக்குச் சென்றன. கனடா தன் வடதுருவ எல்லையிலுள்ள ரேஞ்சர் படையினருக்கு 1947 முதல் லீ-என்பீல்டைக் கொடுத்து, 2018ஆம் ஆண்டளவில்தான் மாற்றத் தொடங்கியது; கடுங்குளிரில் சிக்கிக்கொள்ளாத துப்பாக்கி வேறு கிடைப்பது அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. உத்தரப் பிரதேசப் பொலிசார் .303க்கு விடை கொடுத்தது 2020 சனவரி 26 அணிவகுப்பிலேதான். எஞ்சியவை விற்பனைக்கு வந்தன. வாங்க ஒரே ஒரு பெரிய நாடு இருந்தது. அஃது அமெரிக்கா.

1950ஆம் ஆண்டுகளின் அமெரிக்க வேட்டைச் சஞ்சிகைகளைப் புரட்டினால் இன்றைக்கு வியப்பாக இருக்கும். சைக்கிள் விற்பதுபோல் முழுப்பக்க விளம்பரங்களில் மகாயுத்தத் துப்பாக்கிகள் விற்கப்பட்டன. விலை பத்து டொலர், பதினைந்து டொலர், இருபது டொலர். சீட்டைக் கத்தரித்துப் பணத்துடன் தபாலில் போட்டால் துப்பாக்கி வீட்டுக்கு வரும். இவ்வியாபாரத்தின் மன்னராக விளங்கியவர் சாமுவேல் கம்மிங்ஸ். முன்னர் அமெரிக்க உளவு நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1953இல் தொடங்கிய கம்பனி வேர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகரில் பொட்டோமாக் நதிக்கரையிலே பண்டகசாலைகளைக் கட்டி நிறைத்தது. ஓர் அரசு தன் சேனையின் துப்பாக்கியை மாற்றுகிறது என்று கேட்டால் பழையதை மொத்தமாக விலை பேச அவர் அங்கே சென்றுவிடுவார். கொள்வனவு விலை அவ்வளவு குறைவாக இருந்தது. சில அரசுகளுக்கு வாடகைக் களஞ்சியத்தைக் காலி செய்வதே இலாபமாயிற்று.

இங்கே ஒரு முரண் தோன்றியது. மலிவான இத்துப்பாக்கிகள் அமெரிக்கத் துப்பாக்கி ஆலைகளின் சோற்றில் மண் போட்டன. அவ்வாலைகளிற் பெரும்பாலானவை மசச்சுசெற்சிலும் கனெற்றிகட்டிலும் இருந்தன. 1958இல் மசச்சுசெற்சைச் சேர்ந்த இளம் செனற்றர் ஒருவர், இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட ஆயுதங்கள் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தன் மாகாணத்துத் தொழிலாளரின் வேலையைக் காப்பதே அதன் நோக்கம். அமெரிக்க உதவியாக வெளிநாடு சென்ற ஆயுதங்கள் திரும்பி வருவதைத் தடுக்கும் சுருங்கிய ஏற்பாடு மட்டுமே அவ்வாண்டு நிறைவேறிற்று. இத்தாலியத் துப்பாக்கிகளுக்கு அதனால் எத்தடையும் ஏற்படவில்லை. அந்தச் செனற்றரின் பெயர் ஜோன் கென்னடி.

மீதி உலகறிந்தது. 1963 பெப்ரவரியில் வெளிவந்த ஒரு சஞ்சிகை விளம்பரத்தைக் கத்தரித்து, 'ஏ. ஹிடெல்' என்ற பொய்ப்பெயரில், சிக்காகோவிலுள்ள கிளைன்ஸ் விளையாட்டுப் பொருள் கடைக்கு லீ ஹார்வி ஒஸ்வால்ட் மார்ச்சில் எழுதினான். குறிபார்க்கும் தொலைநோக்கியுடன் விலை 19 டொலர் 95 சதம். தபாற்செலவு 1 டொலர் 50 சதம். டல்லாஸ் நகரத்துத் தபாற்பெட்டி ஒன்றுக்குச் சி 2766 என்ற தொடர் இலக்கமுடைய கார்க்கானோ வந்து சேர்ந்தது. 1940இல் இத்தாலியின் தேர்னி ஆலையில் முசோலினியின் சேனைக்குச் செய்யப்பட்டது அது. 1963 நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி அதனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் கொண்டுவந்த மசோதா முழுமையாக நிறைவேறியிருந்தால் அத்துப்பாக்கி டல்லாசுக்கு வந்திருக்குமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்கு விடை தேடுவது வீண். வேறொன்றைக் கவனிப்பது பயனுடையது: 1958இல் வேலைவாய்ப்புப் பற்றிய விவகாரமாக இருந்தது 1963க்குப் பின்னர் உயிரைப் பற்றிய விவகாரமாயிற்று. ஆனால் மசோதாவின் உள்ளடக்கம் அதிகம் மாறவில்லை.

அத்துப்பாக்கியே பின்னர் சேகரிப்புப் பொருளானது என்பதை வாசகர் பலர் அறியார். டென்வர் நகரத்து எண்ணெய் வணிகர் ஒருவர் ஒஸ்வால்டின் விதவையிடமிருந்து அதன் உரிமையை வாங்குவதற்கு 10,000 டொலர் முற்பணமாகக் கொடுத்தார். இருபத்தொரு டொலர் பொருளுக்குப் பத்தாயிரம்! அரசாங்கம் கொடுக்க மறுத்தது, வழக்கு நடந்தது, ஈற்றில் 1965இல் அமெரிக்கக் காங்கிரஸ், அக்கொலை தொடர்பான சான்றுப்பொருள்களை அரசே எடுத்துக்கொள்ளத் தனிச்சட்டம் இயற்றியது. அத்துப்பாக்கி இன்றும் அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்தின் காவலில் உள்ளது. சேகரிப்பு ஆசையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் இச்சம்பவத்தைச் சிந்திக்கவேண்டும். அவ்வணிகர் விலை கொடுத்தது துப்பாக்கிக்கு அன்று. அதே ஆலையில் அதே ஆண்டிற் செய்யப்பட்ட, அதைப்போன்றே சுடும் இன்னொன்றை அன்றும் இருபது டொலருக்கு அவர் வாங்கியிருக்கலாம்.

1968 அக்டோபர் 22இல் ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அவ்வாண்டு மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேட் கென்னடியும் கொல்லப்பட்டிருந்தனர். தபால்வழி மாகாணம் கடந்த விற்பனை நின்றது. இராணுவ மிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது வழக்கம். நான் பிரித்தே பார்க்கிறேன். தபால் விற்பனையைத் தடுத்ததற்குக் காரணம் வெளிப்படை. ஆனால் 1968இல் நடந்த இரண்டு கொலைகளில் ஒன்று அமெரிக்காவிலேயே செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கியாலும் மற்றொன்று கைத்துப்பாக்கியாலும் நடந்தவை. யுத்த மிச்சத் துவக்கு ஒன்றிலும் சம்பந்தப்படவில்லை. அப்படியிருக்க இறக்குமதித் தடை ஏன் வந்தது? 1958இற் கேட்கப்பட்ட அதே சுதேசி ஆலைகளின் வேண்டுகோள் துயரத்தின் முதுகில் ஏறிச் சட்டப்புத்தகத்துள் நுழைந்தது என்றே கருதவேண்டியிருக்கிறது. மசோதாவுக்காகப் பல்லாண்டு போராடிய செனற்றர் தோமஸ் டொட் கனெற்றிகட் மாகாணத்தவர் என்பது தற்செயலாக இருக்கலாம். துயரமும் வியாபாரமும் ஒரே கதவைத் தட்டும்போது கதவு திறக்கும்.

அதே சட்டம் சேகரிப்பாளன் என்னும் ஒரு சாதியையும் உண்டாக்கியது. ஐம்பதாண்டுப் பழைமை உடைய துப்பாக்கிகளை அரும்பொருள்கள் என வகுத்து, அவற்றைச் சேர்ப்போருக்குத் தனி அனுமதிப்பத்திரம் வழங்கிற்று. மூன்றாண்டுக்கு 30 டொலர் கட்டணம். அதை வைத்திருப்பவர் வேறு மாகாணத்திலிருந்தும் அரும்பொருள் வகைத் துப்பாக்கியை வீட்டுக்கு நேரே வரவழைக்கலாம். பின்னர் 1984இல் வர்த்தகச் சட்டம் ஒன்றில் நுழைக்கப்பட்ட திருத்தம், அரும்பொருள் எனப்படும் இராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியை மீண்டும் அனுமதித்தது. அப்போது எவரும் எதிர்பாராத ஒன்று அடுத்து நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்தது.

கிழக்கு ஐரோப்பாவின் களஞ்சியங்கள் திறந்துவிடப்பட்டன. மூன்றாம் உலக யுத்தத்துக்கென்று சோவியத் அரசு நாற்பதாண்டு காலம் பூட்டி வைத்திருந்த மொசின்கள் மரப்பெட்டிகளில் இருபது இருபதாக வந்து இறங்கின. ரவைகளோ 440 அடங்கிய தகரப்பேழைகளில், இறைச்சி ரின்னைப்போலத் திறக்கும் விதமாக வந்தன. இந்த வாங்குதலின் சடங்குகளைச் சேகரிப்பாளர் சுவையோடு வருணிப்பர். துப்பாக்கி முழுவதும் கட்டியான கிறீஸ் அப்பியிருக்கும். வெயிலில் கறுப்புப் பையிலிட்டு உருக்கியும், வெந்நீர் ஊற்றியும், மரத்தின் துவாரங்களில் ஊறியதைப் பல நாள் துடைத்தும் எடுக்கவேண்டும். பழைய ரவைகளின் வெடிமருந்து முனையில் பொட்டாசியம் குளோரேற் இருக்கும். சுட்டபின் குழலில் அதன் உப்புத் தங்கும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவிலேயே துருவை உண்டாக்கும். எண்ணெயால் உப்புக் கரையாது, தண்ணீராற்றான் கழுவவேண்டும். புதிதாக வாங்கியவர் எண்ணெயைத் தாராளமாகப் பூசி மறுவாரம் செந்துருவைக் கண்டு தலையிற் கைவைப்பது வழக்கம். உப்புக் காற்றில் வாழும் யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடைக்காரர் எவரும் இப்பிழையைச் செய்யமாட்டார் என்று நினைக்கிறேன்.

கிறீஸைத் துடைத்தபின் வெளிப்படும் முத்திரைகளே சேகரிப்பாளனின் உண்மையான வேட்டை. விலையும் அங்கேதான் பிறக்கிறது. யப்பானிய அரிசாக்காவின் தலையில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ செதுக்கப்பட்டிருக்கும். துப்பாக்கி சக்கரவர்த்தியின் உடைமை என்பதற்கு அது அடையாளம். 1945இல் சரணடைந்த சேனை அப்பூவை அராவி அழித்துவிட்டே துப்பாக்கிகளை ஒப்படைத்தது. ஆகவே பூ அழியாதது போர்க்களத்திற் பிடிபட்டதாக இருக்கும் என்று கொண்டு அதற்குக் கூடிய விலை கொடுக்கின்றனர். பின்லாந்து தன் மொசின்களுக்குரிய மூலப்பகுதியைத் தானே செய்ததில்லை. ருஷ்யத் துப்பாக்கிகளையே எடுத்துப் புதுக் குழல் பூட்டித் தன் சேனை முத்திரையைச் சதுரத்துள் இட்டது. அவ்வாறு புதுக் குழல் பூட்டியவற்றைக்கொண்டே 1939இல் ருஷ்யாவை எதிர்த்தது. 1940இல் டன்கேர்க்கிலே ஆயுதங்களைக் கைவிட்டு வந்த பிரித்தானியாவுக்கு அமெரிக்கா அனுப்பிய துப்பாக்கிகளின் மரத்தில், உள்ளூர் ரவை இதற்குப் பொருந்தாது என்று எச்சரிக்கும் சிவப்புப் பட்டை பூசப்பட்டது. அப்பட்டையின் மங்கிய சுவட்டைத் தேடி இன்றும் ஆட்கள் குனிந்து பார்க்கின்றனர்.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இஸ்ரேலின் மவுசர். 1948இல் செக்கோசிலோவாக்கியாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அந்நாடு வாங்கிய துப்பாக்கிகளில், நாசி ஆட்சியின் கழுகு முத்திரை தாங்கியவையும் இருந்தன. சிலவற்றில் அக்கழுகும் தாவீதின் நட்சத்திரமும் அருகருகே நிற்கின்றன. எந்த நூலாசிரியன் இதைக் கற்பனை செய்திருந்தாலும் மிகையென்று தள்ளியிருப்போம்.

சுவிற்சலாந்தின் 1931ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி வேறொரு விதம். அந்நாட்டில் சேவகன் தன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பான். பிடங்கின் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு கடதாசித்துண்டு மடிந்திருக்கும். அதில் அவன் பெயர், படைப்பிரிவு, விலாசம் ஆகியன இருக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர் பலர் அவ்விலாசத்துக்குக் கடிதம் எழுதினர். சிலருக்கு, வயோதிபரான அச்சேவகரிடமிருந்தோ அவர் பிள்ளைகளிடமிருந்தோ பதிலும் வந்தது. யுத்தமே செய்யாத நாட்டின் துப்பாக்கியில் மட்டும் மனிதன் பெயர் இருக்கிறது. யுத்தம் செய்த நாடுகளின் துப்பாக்கிகளில் ஆலையின் பெயரும் இலக்கமுமே உள்ளன.

முத்திரைக்கு விலை உண்டானதும் பொய் முத்திரையும் உண்டாயிற்று. சோவியத் களஞ்சியத்தில் வேறு வேறு துப்பாக்கிகளின் உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டிய மவுசர்களில், போல்டில் புது இலக்கத்தை மின்னூசியாற் கீறியிருப்பர். அது சேனைக் களஞ்சியத்தின் நேர்மையான வேலை. அதை மறைத்து, எல்லா இலக்கமும் பிறப்பிலேயே ஒத்தவை எனக் காட்டும்படி மீண்டும் பொறிப்பது மோசடி. குறிசுடுநரின் மொசின் என்று சாதாரணத் துப்பாக்கியில் தொலைநோக்கியை ஏற்றி விற்பது இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் மேலானது பாகிஸ்தான் எல்லையிலுள்ள தாரா ஆதம் கேல் கம்மியரின் கைவண்ணம். லீ-என்பீல்டைக் கையாலேயே அடித்து வார்த்து விடுவர் அவர்கள். எழுத்தறியாத கம்மியன் ஆங்கில எழுத்தைச் சித்திரமாகவே செதுக்கியதால் எழுத்துக்கள் தலைகீழாக நிற்கும். 1901இல் காலமான விக்டோரியா மகாராணியின் முடிமுத்திரையின் கீழ் அதற்குப் பிற்பட்ட ஆண்டு பொறித்திருக்கும். ஆப்கானிஸ்தானில் சேவை செய்த மேல்நாட்டுப் படையினர் பலர் கடைத்தெருவில் இவற்றைத் தொன்மைப் பொருளென வாங்கிச் சென்றனர். சுட்டால் வெடித்துவிடக்கூடிய இந்தப் பொய்த் துப்பாக்கியையே ஒருவகையிற் சுயமான படைப்பு என்று இப்போது தனியே சேர்ப்பாரும் உளர். நான் அவர்கள் கட்சி.

1950ஆம் ஆண்டுகளில் வாங்கியவர்கள் இவ்வளவு பக்தியோடு இல்லை. மலிவாக வாங்கிய துப்பாக்கியின் மரத்தை அரிந்து, குழலை வெட்டி, மான் வேட்டைக்கேற்ற இலகுவான துவக்காக மாற்றினர். இலட்சக்கணக்கில் இது நடந்தது. இன்றைய சேகரிப்பாளர் அவர்களை நிந்திக்கின்றனர். வெட்டப்பட்ட துப்பாக்கி பாதிவிலைக்கும் போகாது. ஆனால் அன்றைய மரவேலைக்காரன் குற்றவாளி அல்லன். அவனுக்கு அது கருவி. எவருக்கும் வேண்டாத அளவுக்கு நிறைந்திருந்தபோது வெட்டப்பட்டதாலேதான் வெட்டப்படாததற்கு இன்று இவ்வளவு விலை.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். வரத்து வற்றிவிட்டது. அதற்கு முதற்காரணம் எளிது: எந்தச் சேனையிடமும் இனி மாற்றுவதற்குப் பழைய போல்ட் துப்பாக்கி கோடிக்கணக்கில் இல்லை. இப்போது மாற்றப்படுபவை தானியங்கித் துப்பாக்கிகள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தியவற்றை அமெரிக்கக் குடிமகன் வாங்கவே முடியாது. ஆகவே சேனை கழித்ததைச் சாதாரண மனிதன் அப்படியே வாங்கக்கூடியதாயிருந்த காலத்தின் கடைசிச் சரக்கு இது. இரண்டாவதாக, 2000ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு, மிச்ச ஆயுதங்களை விற்பதிலும் அழிப்பதே விரும்பத்தக்கது என்று ஆவணம் இயற்றியது. பல நாடுகளில் உலைகள் எரிந்தன. மூன்றாவதாக, 2021 செப்டம்பர் முதல், அலெக்சி நவால்னி நஞ்சூட்டப்பட்டமைக்குத் தண்டனையாக, ருஷ்யத் துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்கும் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. ஏற்கெனவே மெலிந்திருந்த துப்பாக்கி வரத்தைவிட ரவை வரத்தையே இது அதிகம் பாதித்தது. எங்கோ சைபீரியாவில் ஓர் அரசியல்வாதிக்கு நஞ்சூட்டப்பட, ஒகாயோவில் ஒருவர் சுடும் ரவை விலை ஏறியது. கடைசியாகத் திறந்த பெருங்களஞ்சியங்களுள் ஒன்று எதியோப்பியாவினுடையது. 1935இல் படையெடுத்து 1941இல் தோற்ற இத்தாலியர் விட்டுச்சென்ற கார்க்கானோக்கள் 2018ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்து அமெரிக்கா சென்றன. மரம் பிளந்து, ஆணியடித்து, தோல்வாரால் இறுக்கிக் கட்டப்பட்டவை அவற்றுட் பல. பெட்டியில் உறங்காமல் கையில் உழைத்தவை. அவற்றையும் வாங்கினர்.

இனி உருக்குவதா, விற்பதா என்பதே விவாதம். உருக்கவேண்டும் என்போர் கட்சியை இலேசாகத் தள்ளமுடியாது. டல்லாசில் மூன்று வெடிகளே போதுமாயிருந்தன. ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மிகக் கடுமையாக்கிய நாடுகளும் இவ்வகையை வேறாகவே நோக்கின. 1988இல் பிரித்தானியாவும் 1996இல் அவுஸ்திரேலியாவும் கூட்டக்கொலைகளுக்குப் பின் சட்டம் செய்தபோது தானே ரவையேற்றும் துப்பாக்கிகளைத் தடுத்தன. அவுஸ்திரேலியா 6 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை விலைகொடுத்து வாங்கி அழித்தது. இரு நாடுகளும் போல்ட் துப்பாக்கியை அனுமதிப்பத்திரத்தின்மேல் விட்டுவைத்தன. அந்த வரம்பே நியாயமானது என்பது என் கருத்து. வாங்குபவன் யார் என்று அரசு முன்னரே விசாரிக்கவேண்டும். எங்கே பூட்டி வைக்கிறான் என்று பின்னரும் கேட்கவேண்டும். இவ்விரண்டும் உள்ள நாட்டில் ஒரு பழைய துப்பாக்கியை உருக்குவது ஓர் ஆவணத்தை எரிப்பதேயாகும். இவ்விரண்டும் இல்லாத நாட்டில் அதை விற்பது வேறு கதை. அமெரிக்காவின் பல மாகாணங்களில் இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை. ஆகவே அங்குள்ள சேகரிப்பாளர் தம் பொழுதுபோக்கு வரலாற்றுப் பணியென வாதிக்கும்போது அவ்வாதத்தில் பாதியை மட்டுமே ஏற்கிறேன்.

மறுபாதியை ஏற்கமுடியாதபடி செய்வது அவர்களது வழக்கமான பேச்சு ஒன்று. இத்தாலிய, பிரெஞ்சுத் துப்பாக்கிகளைப்பற்றி, 'ஒருபோதும் சுடப்படவில்லை, ஒரே தடவை கீழே போடப்பட்டது' என்று நகைப்பது அவ்வியாபாரத்தில் பழஞ்சரக்கு. 1916இல் வெர்டனில் மாண்ட பிரெஞ்சுக்காரர் இலட்சத்துக்கு மேல். துப்பாக்கியின் முத்திரைகளைக் கண்ணாடி வைத்துப் படிப்பவர் அதைச் சுமந்தவனைப்பற்றி இப்படிப் பேசுவாராயின், அவர் வரலாற்றைச் சேர்க்கவில்லை, இலக்கங்களைச் சேர்க்கிறார்.

நல்லவர்களும் உளர். சேகரிப்பு அனுமதி பெற்றவர் ஒவ்வொருவரும் கட்டிய கொப்பி ஒன்றை வைத்திருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வாங்கிய திகதி, விற்றவர் பெயர், செய்த ஆலை, தொடர் இலக்கம், பின் எவருக்குக் கொடுக்கப்பட்டது என்பன அதில் எழுதப்படும். களவு போனால் 48 மணித்தியாலத்துள் அறிவிக்கவும் வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவே. சிலர் அதே துப்பாக்கிக்கு வேறொரு கொப்பியும் வைத்திருக்கின்றனர்: எந்தக் களஞ்சியத்தில் பழுதுபார்க்கப்பட்டது, மரத்தில் எத்தனை வெட்டுக்குறிகள், பிடங்கில் எவரோ கத்தியாற் கீறிய இரண்டு எழுத்துக்கள் எவை என்று. தொனெற்ஸ்கில் 2022இல் கொடுக்கப்பட்ட மொசின்களும் மீண்டும் ஏதோ ஒரு களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது சேற்றில் கிடக்கும். அவை என்றேனும் பெட்டியிலேறி விற்பனைக்கு வருமாயின் முதலாவது கொப்பியில் எழுதுவதற்கு ஆலையும் இலக்கமும் இருக்கும். இரண்டாவதில் எழுதவேண்டியதை இப்போதே எவரேனும் குறித்து வைத்தாலன்றி, வாங்குபவன் அதை எங்கேயும் காணமாட்டான்.